பழைய பியானோ இசைத்தட்டில் எதை நம்பலாம்? பதெரெவ்ஸ்கியின் பதிவுகள் வழியாக ஓர் எளிய அறிமுகம்

இக்னாசி யான் பதெரெவ்ஸ்கியின் பழைய இசைத்தட்டுகளை முதன்முறையாகக் கேட்பவர்களில் பலர் ஓரிரு நிமிடங்களிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இரைச்சலுக்கு நடுவே வறண்ட, ஒடுங்கிய ஒலியில் ஒரு பியானோ கேட்கிறது. இடக்கையும் வலக்கையும் ஒன்றாக விழவில்லை. வேகம் ஒரே சீராக இல்லை. “அந்தக் காலத்தில் வாசிப்பின் தரம் அவ்வளவுதான்” என்பது ஒரு தரப்பு. “கருவி கெடுத்துவிட்டது, நேரில் கேட்டிருந்தால் இப்படி இருந்திருக்காது” என்பது மறுதரப்பு. கேட்ட எல்லாவற்றையும் முதல் தரப்பு கலைஞர் தலையில் போடுகிறது. இரண்டாம் தரப்பு கருவியின் தலையில் போடுகிறது. பழைய பதிவு ஒன்றில் கருவியின் கைவரிசை எது, கலைஞரின் கைவண்ணம் எது என்று பிரித்தறிய முடியும் என்பதையே இரு தரப்பும் மறந்துவிடுகின்றன.

அப்படிப் பிரித்தறிவது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பியானோ வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மேற்கத்திய இசைக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. பொறுமையாகக் கேட்கும் காது இருந்தால் போதும்.

யார் இந்தப் பதெரெவ்ஸ்கி?

பதெரெவ்ஸ்கி 1860-இல், அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்ததும் இன்று உக்ரைனுக்குள் அடங்குவதுமான பொடோலியாப் பகுதியில், ஒரு போலந்துக் குடும்பத்தில் பிறந்தார். வார்சாவிலும் பெர்லினிலும் பயின்ற பிறகு 1884-இல் வியன்னாவுக்குச் சென்று, அன்றைய ஐரோப்பாவின் மிகப் புகழ்பெற்ற பியானோ ஆசிரியரான தியோடோர் லெஷெடிட்ஸ்கியிடம் மாணவராகச் சேர்ந்தார். லெஷெடிட்ஸ்கியின் ஆசிரியர் கார்ல் செர்னி. செர்னியின் ஆசிரியர் பீத்தோவன். 1888-இல் பாரிஸ், 1890-இல் லண்டன், 1891-இல் நியூயார்க் என்று அடுத்தடுத்து அரங்கேறிய பதெரெவ்ஸ்கி, சில ஆண்டுகளிலேயே உலகில் மிக அதிகமாகப் பேசப்பட்ட பியானோ கலைஞர் ஆனார். விடுதலை பெற்ற போலந்தின் பிரதமராக 1919-இல் பதவியேற்று, வெர்சாய் உடன்படிக்கையில் தம் நாட்டின் சார்பில் கையெழுத்திட்டவரும் இவரே. 1941-இல் நியூயார்க்கில் மறைந்தார்.

இவரது வாசிப்பை ரொமான்டிக் பாணி என்று வகைப்படுத்துகிறார்கள். எழுதப்பட்ட இசையை அப்படியே ஒப்பிப்பதோடு கலைஞரின் கடமை முடிந்துவிடுவதில்லை, அதன் வேகத்தையும் அழுத்தத்தையும் உணர்ச்சிக்கேற்ப அவர் வளைக்கலாம், சில இடங்களில் சுரங்களைக் கூட்டவும் செய்யலாம் என்று கருதிய 19ஆம் நூற்றாண்டு வாசிப்பு மரபுக்கு அது பெயர். ஷோப்பினையும் லிஸ்டையும் நேரில் கேட்டவர்கள் இன்னும் உயிரோடிருந்த உலகில் வளர்ந்தவர் பதெரெவ்ஸ்கி. ஆகவேதான் அவரது தலைமுறையின் பதிவுகள் விலைமதிப்பற்றவை ஆகின்றன. ஒலிப்பதிவு இல்லாத ஒரு நூற்றாண்டின் வாசிப்பு வழக்கம் நம் காதுக்கு எட்டுவதற்கு இவர்களை விட்டால் வேறு வழி இல்லை.

அவரது முதல் இசைத்தட்டுகள் 1911-இல் பதிவாயின. கிராமபோன் நிறுவனத்தார் தங்கள் கருவிகளை, சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் மோர்ஜ் நகருக்கு அருகில் இருந்த அவரது இல்லத்துக்கே கொண்டு சென்றனர். அப்போது அவருக்கு வயது 50. இவருக்கு முன்பும் பியானோ பதிவாகியிருக்கிறது. இசையமைப்பாளர் பிராம்ஸ் 1889-இல் வியன்னாவில் எடிசனின் மெழுகு உருளை ஒன்றில் வாசித்தார்; நார்வேயின் கிரீக் 1903-இல் பாரிஸில் இசைத்தட்டுகளுக்காக வாசித்தார். பிராம்ஸின் உருளையில் இன்று இரைச்சல்தான் மிகுதி, இசை அதற்குள் எங்கோ புதைந்து கிடக்கிறது. கிரீக்கின் தட்டுகளோ விரல் விட்டு எண்ணக்கூடியவை. பதெரெவ்ஸ்கி 1911-இலிருந்து 1930-களின் இறுதிவரை, தொழில்நுட்பம் தலைகீழாக மாறிய காலம் முழுவதும் பதிவு செய்துகொண்டிருந்தார் என்பதால், நம் நோக்கத்துக்கு அவரே மிகப் பொருத்தமானவர்.

மங்கிய படம் காட்டுவதும் மறைப்பதும்

தாத்தா காலத்துக் கல்யாணப் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கறுப்பு வெள்ளைப் படம். அதுவும் பழுப்பேறி மங்கிவிட்டது. மணப்பெண்ணின் கூறைப்புடவை அரக்கு நிறமா, மாம்பழ நிறமா என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. முகத்தின் நுணுக்கங்களும் போய்விட்டன. ஆனால் யார் பக்கத்தில் யார் நின்றார், யார் ஓரடி முன்னே வந்தார், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை. நிறத்தை அழித்த காலத்தால் ஆட்களின் இடத்தை மாற்ற முடியவில்லை.

பழைய ஒலிப்பதிவும் இப்படித்தான். ஒலியின் நிறம், அதாவது நாதத்தின் தன்மை, பெருமளவு அழிந்துவிட்டது. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையிலான கால இடைவெளியோ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. இனி வரும் விளக்கங்கள் அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டின் விரிவே.

கூம்பும் சவ்வும் மெழுகும்

1925-க்கு முன்பு இசைத்தட்டுப் பதிவில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. ஒலிவாங்கி இல்லை, ஒலியைப் பெருக்கும் கருவியும் இல்லை. பெரிய உலோகக் கூம்பு ஒன்றின் அகன்ற வாய் இசைக்கருவியை நோக்கி வைக்கப்பட்டிருக்கும். குறுகிய முனையில் ஒரு மெல்லிய சவ்வு; சவ்வோடு இணைந்த ஓர் ஊசி; ஊசிக்குக் கீழே சுழலும் மெழுகுத் தட்டு. பியானோவின் ஒலி கூம்புக்குள் புகுந்து சவ்வை அதிரச் செய்யும். சவ்வு ஊசியை ஆட்டும். ஊசி மெழுகில் நெளிநெளியான பள்ளத்தை வெட்டும். இந்த முறைக்குக் கூம்புப் பதிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஊசியை ஆட்டத் தேவையான ஆற்றல் முழுவதையும் கலைஞரின் விரலே தந்தாக வேண்டியிருந்தது.

பின்னர் அந்த மெழுகிலிருந்து உலோக அச்சு எடுத்து, அரக்குக் கலவையில் தட்டுகளை அச்சடித்தார்கள். அந்த அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்தே போயிற்று. இந்தியாவோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1902-இல் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்த கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கைஸ்பெர்க், பிற்காலத்தில் பதெரெவ்ஸ்கியின் பதிவுகளிலும் பங்காற்றியவர். ஏறத்தாழ அதே வகைக் கூம்பு, அதே வகை மெழுகு, அதே மூன்று நான்கு நிமிட வரம்பு. நம் நாட்டின் மிகப் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுப் பழகிய காதுக்குப் பதெரெவ்ஸ்கியின் 1911-ஆம் ஆண்டுத் தட்டுகள் அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவே காரணம்.

இந்தக் கருவியின் முதல் குறை, அது எல்லாச் சுரங்களையும் சமமாகக் கேட்பதில்லை என்பது. ஒலியின் உயரத்தை, வினாடிக்கு எத்தனை அதிர்வுகள் என்ற கணக்கில் ஹெர்ட்ஸ் என்னும் அலகால் அளக்கிறோம். பியானோவின் மிகத் தாழ்ந்த சுரம் 27.5 ஹெர்ட்ஸ், மிக உயர்ந்த சுரம் ஏறத்தாழ 4186 ஹெர்ட்ஸ். கூம்புப் பதிவு ஓரளவு நன்றாகப் பிடித்தது ஏறக்குறைய 200-க்கும் 2500-க்கும் இடைப்பட்ட பகுதியை மட்டுமே. ஒவ்வொரு சுரமும் தன் அடிப்படை அதிர்வோடு, அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு என்று பல உயர்ந்த அதிர்வுகளையும் சேர்த்தே ஒலிக்கிறது. இவற்றை மேற்சுரங்கள் என்போம். ஒரு நாதம் பளிச்சென்றோ கம்மலாகவோ கேட்பதை முடிவு செய்வதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. கூம்பு அவற்றில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. ஆகவே பதெரெவ்ஸ்கியின் நாதம் எவ்வளவு இனிமையானது என்பதற்கு 1911-ஆம் ஆண்டுத் தட்டு சாட்சி சொல்ல முடியாது. இடக்கையின் ஆழ்ந்த சுரங்களிலோ அடிப்படை அதிர்வே பதிவாகவில்லை. பதிவான மேற்சுரங்களை வைத்து நம் காதுதான் அந்த ஆழத்தை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது.

இரண்டாவது குறை அழுத்தத்தில். மிக மென்மையாக வாசித்தால் தட்டின் இரைச்சலுக்குள் இசை மூழ்கிவிடும். மிக ஓங்கி வாசித்தால் ஊசி துள்ளி, பள்ளம் சிதைந்துவிடும். எனவே கலைஞர்கள் இரண்டு எல்லைகளையும் தவிர்த்து நடுவிலேயே நின்றார்கள். பெரும் அரங்குகளை நடுங்கவைத்ததாகவும், அடுத்த கணமே காதுக்கு எட்டாத மென்மைக்கு இறங்கியதாகவும் சமகாலத்தவர் எழுதிய வாசிப்பு, தட்டில் தட்டையாகத்தான் கேட்கும். இதில் கலைஞரின் குற்றம் எதுவும் இல்லை.

ஆனால் ஒரு சுரம் எந்தக் கணத்தில் தொடங்கியது என்பதைக் கூம்பால் மாற்ற முடியாது. விரல் கட்டையை அழுத்திய உடனே சவ்வு அதிர்ந்தது, ஊசி மெழுகில் தடம் பதித்தது. இடக்கை முன்னே விழுந்தால் அதன் தடமும் முன்னே விழுந்தது. நாதம் எவ்வளவு மங்கினாலும் இந்த வரிசை கலைவதில்லை.

சுருக்கமாகச் சொன்னால், கூம்புப் பதிவில் நாதத்தின் இனிமையையும் அழுத்தத்தின் வீச்சையும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. சுரங்கள் விழுந்த நேரத்தை நம்பலாம்.

தட்டு சுழன்ற வேகம்

நேரத்தை நம்பலாம் என்றதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பழைய தட்டுகளை “78 சுற்றுத் தட்டுகள்” என்று பொதுவாகச் சொல்கிறோம். நிமிடத்துக்கு 78 முறை சுழல்பவை என்பது பொருள். உண்மையில் அந்த வேகம் நெடுங்காலம் வரை நிலைப்படவில்லை. நிமிடத்துக்கு 70 சுற்றுக்குச் சற்று மேலிருந்து 80 சுற்றுக்கு மேல் வரை பல வேகங்களில் தட்டுகள் வெட்டப்பட்டன.

நிமிடத்துக்கு 74 சுற்றில் வெட்டிய தட்டை 78-இல் ஓடவிட்டால் என்ன ஆகும்? நான்கு நிமிட இசை சுமார் 12 வினாடி முன்னதாகவே முடிந்துவிடும். சுருதியும் ஏறக்குறைய அரைச்சுரம் ஏறிவிடும். கேட்பவர், “என்ன அவசரம் இவருக்கு!” என்பார். அவசரப்பட்டது தட்டு. பழைய பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் பொறியாளர்கள், அந்த இசை எந்தச் சுருதியில் எழுதப்பட்டது என்பதைப் பார்த்து வேகத்தைத் திருத்துகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் எல்லாப் பிரதிகளிலும் இந்தக் கவனம் இருப்பதில்லை. ஒரே தட்டின் இரண்டு பிரதிகள் வெவ்வேறு சுருதியில் கேட்டால், குறைந்தது ஒன்றாவது தவறு.

இங்கே கவனிக்க வேண்டியது, மொத்த வேகம் தவறானாலும் உள்விகிதம் தவறாது என்பதே. முழுப் படைப்பும் ஒரே அளவில் சுருங்குகிறது அல்லது விரிகிறது. ஒரு வரியின் நடுவில் கலைஞர் விரைந்து, முடிவில் தாமதித்தார் என்றால், அந்த விரைவும் தாமதமும் ஒன்றுக்கொன்று அதே விகிதத்தில்தான் இருக்கும்.

நான்கு நிமிடத்துக்குள், திருத்தம் இல்லாமல்

பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடம், மிஞ்சினால் நான்கரை நிமிடம் ஓடும். நீண்ட படைப்புகளை வெட்டிக் குறுக்கினார்கள். சில சமயம் ஓட்டமாக ஓடியும் முடித்தார்கள். இதை வைத்து, அக்காலப் பதிவுகளில் கேட்கும் வேக மாறுதல்கள் அனைத்துக்கும் தட்டின் நீளமே காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. இது பொருந்தாது. இரண்டு மூன்று நிமிடத்தில் இயல்பாகவே முடிந்துவிடும் குறும்படைப்புகளிலும் அதே விரைவும் அதே தாமதமும் கேட்கின்றன. நேரம் போதாதவர் விரைந்தே போவார். இடையிடையே நின்று நிதானிக்க அவருக்கு என்ன தேவை?

தவறான சுரங்களைப் பற்றியும் ஒரு சொல். ஒரு பிழையை வெட்டி எடுத்து வேறு வாசிப்பிலிருந்து ஒட்டுவது 1940-களின் பிற்பகுதியில் காந்த நாடா பரவிய பிறகே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பிழை நேர்ந்தால் முழுப் பக்கத்தையும் மீண்டும் வாசிக்க வேண்டும். வாசித்ததை உடனே போட்டுக் கேட்கவும் முடியாது. மெழுகை ஒருமுறை ஓடவிட்டாலே பள்ளம் கெட்டு, அதிலிருந்து தட்டு அச்சிட முடியாமல் போகும். இந்த நிலையில் சிறு பிழைகளோடு ஒரு பக்கம் வெளியானது இயல்பு. இன்றைய பதிவுகளின் தூய்மையை அளவுகோலாக வைத்து அவற்றை மதிப்பிடுவது நியாயமாகாது.

துளையிட்ட காகிதச் சுருள்: பெருங்குழப்பத்தின் மூலம்

இணையத்தில் “பதெரெவ்ஸ்கி, 1906” என்ற குறிப்போடு துல்லியமான, இரைச்சலே இல்லாத பியானோ ஒலி கிடைக்கும். இதைக் கேட்டுவிட்டு, “1906-இலேயே இவ்வளவு நன்றாகப் பதிவு செய்திருக்கிறார்களே!” என்று வியப்பவர்கள் ஏராளம். அது 1906-ஆம் ஆண்டின் ஒலியே அல்ல.

ஜெர்மனியின் பிரைபுர்க் நகரத்து வெல்டே நிறுவனம் 1904-இல் வெல்டே-மிஞோன் என்ற பொறியமைப்பை அறிமுகப்படுத்தியது. கலைஞர் வாசிக்கும்போது எந்தக் கட்டை எப்போது அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பது ஒரு காகிதச் சுருளில் குறிக்கப்படும். அந்தக் குறிகள் பின்னர் துளைகளாகும். துளையிட்ட சுருளைத் தானியங்கிப் பியானோவில் ஓடவிட்டால், காற்றழுத்தத்தால் இயங்கும் பொறிகள் அதே கட்டைகளை அழுத்தும். நாம் இன்று கேட்பது, அப்படி ஓடவிடப்பட்ட பியானோ ஒன்றின் எதிரே பல பத்தாண்டுகள் கழித்து ஒலிவாங்கி வைத்து எடுத்த பதிவு. ஒலியாகப் பதிவானது 1906-இல் எதுவுமில்லை.

சுருள்களால் பயனே இல்லை என்பதல்ல. 1824-இல் பிறந்த கார்ல் ரைனெக்கே போன்ற முதியவர்களின் வாசிப்பு நமக்குச் சுருளில்தான் எஞ்சியிருக்கிறது. ஆனால் சுருள்களில் தொழிற்சாலையில் திருத்தம் செய்ய முடிந்தது. தனித்தனிச் சுரங்களின் அழுத்த வேறுபாடுகளையும், சுரத்தை நீடித்து ஒலிக்கவைக்கும் கால்மிதியைப் பாதி அழுத்துவது போன்ற நுட்பங்களையும் பொறியால் முழுமையாகத் திருப்பித் தர முடியவில்லை. சுருள் ஓடும் வேகமும் பியானோவைச் சீரமைப்பவரைப் பொறுத்தது. கைகள் முன்பின்னாக விழுந்ததைப் போன்ற நேரக் கூறுகளில் மட்டும் சுருளையும் துணைச்சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். இரைச்சல் நிறைந்த தட்டையும் பளிங்கு போன்ற சுருளையும் என் முன் வைத்தால், நான் எப்போதும் தட்டைத்தான் எடுப்பேன்.

இதுவரை பார்த்தது கருவிகளின் பங்கு. கூம்பு நாதத்தை மங்கவைத்தது. தட்டின் வேகம் சுருதியையும் மொத்த ஓட்டத்தையும் மாற்றக்கூடும். சுருள் என்பது ஒலிப்பதிவே அல்ல. இவற்றைக் கழித்த பிறகு எஞ்சுவது கலைஞருடையது.

இரண்டு கைகளும் ஏன் ஒன்றாக விழவில்லை?

பதெரெவ்ஸ்கியின் தட்டுகளில் காதை உறுத்தும் முதல் விஷயம் இதுதான். ஷோப்பினின் எப் ஷார்ப் மேஜர் நாக்டர்ன் என்னும் இரவிசைப் படைப்பை அவர் வாசிக்கும்போது, இடக்கையின் அடிச்சுரம் முதலில் விழுகிறது. வலக்கையின் மெட்டுச் சுரம் ஒரு கண்ணிமைப்பொழுது கழித்து வருகிறது. எழுதப்பட்ட குறியீட்டிலோ இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டியவை. இதைக் கைவிலகல் என்று அழைப்போம். இதன் உடன்பிறப்பாக இன்னொரு வழக்கமும் உண்டு. பல சுரங்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டிய சுர அடுக்குகளை, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக உதிர்த்து வாசிப்பது. அப்படிச் செய்யச் சொல்லும் குறி அங்கே இருக்காது.

கருவி இதைச் செய்திருக்க முடியாது என்பதைப் பார்த்துவிட்டோம். அப்படியானால் இது கவனக்குறைவா? அப்படி நினைப்பவர்கள் கைவிலகல் எங்கே வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கவனக்குறைவாக இருந்தால் சில நேரம் இடக்கையும் சில நேரம் வலக்கையும் முந்தியிருக்கும். இங்கே முந்துவது பெரும்பாலும் இடக்கையே. வரியின் தொடக்கத்திலும், மெட்டின் முக்கியமான சுரங்களிலும், மெதுவான, பாடும் தன்மையுள்ள பகுதிகளிலும் இது அடிக்கடி நிகழ்கிறது; விரைவான பகுதிகளில் கைகள் ஒன்றாகவே ஓடுகின்றன. இடமறிந்து வருவதும் திசை மாறாமல் வருவதும் பழக்கத்தின் அடையாளங்கள். தற்செயலுக்கு அந்த ஒழுங்கு வராது.

எழுத்துச் சான்றும் இருக்கிறது. லெஷெடிட்ஸ்கியின் உதவி ஆசிரியரான மால்வீனே பிரே, அவரது ஒப்புதலோடு 1902-இல் அவரது பயிற்றுமுறையை விளக்கி ஒரு கையேடு வெளியிட்டார். அடிச்சுரத்தையும் மெட்டுச் சுரத்தையும் எப்போதும் துல்லியமாக ஒன்றாகவே அழுத்த வேண்டியதில்லை, மெட்டுச் சுரம் சற்றே பின்தங்கி வந்தால் அது எடுப்பாகவும் மென்மையாகவும் கேட்கும் என்ற கருத்தை அதில் காண்கிறோம். இதை வரியின் தொடக்கத்திலும் முக்கியமான சுரங்களிலும் மட்டுமே செய்ய வேண்டும் என்ற எச்சரிக்கையும் கூடவே வருகிறது. அதாவது பதெரெவ்ஸ்கியின் கைவிலகல் அவர் பயின்ற இடத்தில் கற்பிக்கப்பட்ட ஒன்று.

இதன் பயன் என்ன என்று கேட்டால், பியானோவின் இயல்பிலேயே விடை இருக்கிறது. வயலினிலும் குரலிலும் ஒரு சுரத்தைப் பிடித்த பிறகு அதை வளர்க்கலாம். பியானோவில் சுத்தியல் தந்தியைத் தட்டிய மறுகணமே ஒலி தேயத் தொடங்கிவிடும்; தட்டியபின் அதை ஓங்கச் செய்ய எந்த விரலாலும் இயலாது. இந்தக் கருவியில் ஒரு மெட்டைப் பாடவைப்பதற்குக் கலைஞர்கள் கண்ட உபாயங்களில் ஒன்று நேரத்தை இடம்பெயர்ப்பது. அடிச்சுரமும் மெட்டுச் சுரமும் ஒரே கணத்தில் தொடங்கினால் காது இரண்டையும் ஒரே ஒலித்திரளாகக் கேட்கும். சில பத்து மில்லிவினாடிகள் விலகினாலே போதும், காது அவற்றை இரண்டு தனிக் குரல்களாகப் பிரித்துக்கொள்ளும். மேலும், அடிச்சுரம் முன்னே விழுந்து, கால்மிதி அழுத்தப்பட்டிருந்தால், தட்டப்படாத பிற தந்திகளும் மெல்ல ஒத்ததிரத் தொடங்கியிருக்கும். அந்த ரீங்காரத்தின் மேல் மெட்டு வந்து இறங்கும்போது, அதை ஓங்கித் தட்ட வேண்டிய தேவை குறைகிறது.

இந்த வழக்கத்தை அக்காலத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பதெரெவ்ஸ்கியைவிட இளையவரான பியானோ கலைஞர் யோசெஃப் ஹோஃப்மன், இது மாணவர்கள் விட்டொழிக்க வேண்டிய மிகக் கெட்ட பழக்கம் என்று கண்டித்து எழுதினார். பதெரெவ்ஸ்கி இதை அளவுக்கு மீறிக் கையாண்டார் என்பதே என் எண்ணமும். சில தட்டுகளில் ஏறக்குறைய ஒவ்வொரு அழுத்தச் சுரத்திலும் கைகள் விலகும்போது, எடுப்பாகக் காட்ட வேண்டிய இடம் எது என்பதே மறைந்துபோகிறது. ஆனால் ஒரு மரபைக் கற்றுத் தேர்ந்தவர் அதை மிகையாகக் கையாண்டார் என்பது வேறு. அவருக்கு இரண்டு கைகளையும் ஒன்றாக வாசிக்கத் தெரியவில்லை என்பது வேறு.

தாளம் நெகிழும் விதம்

அடுத்தது ரூபாட்டோ. இசையின் வேகத்தைக் கலைஞர் தம் விருப்பப்படி சில இடங்களில் நீட்டியும் சில இடங்களில் குறுக்கியும் வாசிப்பதற்கு இந்தப் பெயர். இதில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்றில் இடக்கை தாளத்தை விடாமல் பிடித்திருக்கும். வலக்கையின் மெட்டு மட்டும் அதன் மேல் முன்னும் பின்னும் அசையும். ஷோப்பின் இப்படித்தான் கற்பித்தார் என்று அவரது மாணவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். மற்றொன்றில் இரண்டு கைகளும் சேர்ந்தே விரையும், சேர்ந்தே தாமதிக்கும்.

ஓரிடத்தில் எடுத்துக்கொண்ட காலத்தை இன்னோரிடத்தில் திருப்பிக் கொடுத்துக் கணக்கை நேர்செய்துவிட வேண்டும் என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டுவரும் விதி. இன்றும் ரூபாட்டோ பற்றிப் பேசுபவர்கள் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். பதெரெவ்ஸ்கி ரூபாட்டோ பற்றி எழுதிய கட்டுரையில் இந்த விதியை ஏற்கவில்லை. போன காலம் போனதுதான், அதைக் கணக்குப் பார்த்துத் திருப்பித் தர வேண்டியதில்லை என்பது அவர் நிலை. அவரது தட்டுகளும் அதையே காட்டுகின்றன. உணர்ச்சி ஏறும்போது விரைகிறார், உச்சியில் நிற்கிறார், வரி முடியும்போது தளர்கிறார், விட்டதைப் பிடிக்க முயல்வதில்லை. எழுத்தும் ஒலியும் ஒன்றுக்கொன்று சாட்சியாக அமைவது பழைய பதிவுகளின் ஆய்வில் அரிதாகவே வாய்க்கும் பேறு.

ஆக, கைவிலகலும், சுர அடுக்கை உதிர்த்தலும், வேகத்தை நெகிழ்த்தலும் நேரம் சார்ந்தவை. எனவே இவை கருவியின் குறைகளிலிருந்து தப்பி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

எங்கே தொடங்குவது?

பதெரெவ்ஸ்கி தாமே இயற்றிய ஜி மேஜர் மினுவெட் என்னும் நடன இசைப் படைப்பிலிருந்து தொடங்குவது நல்லது. பாதி உலகம் அவரை இந்த ஒரு சிறு படைப்பால்தான் அறிந்திருந்தது. இதைக் கூம்புக் காலத்திலும் பதிவு செய்தார். 1925-இல் ஒலிவாங்கியும் மின்பெருக்கியும் வந்த பிறகும் பதிவு செய்தார். மின்பதிவு 5000 ஹெர்ட்ஸ் வரையிலும் அதற்குச் சற்று மேலேயும் எட்டியதால், நாதம் திடீரென்று உடல் பெற்றதுபோல் கேட்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நாதம் முற்றிலும் மாறியிருக்கும். கைகள் விலகும் பழக்கமும் வரி முடிவில் தளரும் பழக்கமும் மாறியிருக்காது. மாறியது கருவி, மாறாதது கலைஞர்.

முதல் முறை கேட்கும்போது மெட்டை மறந்துவிட்டு இடக்கையை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை, மெட்டின் முதல் சுரம் இடக்கையோடு சேர்ந்து விழுகிறதா, பின்னே வருகிறதா என்று பாருங்கள். இரைச்சலை முழுவதும் நீக்கிய பிரதியைத் தேட வேண்டாம். இரைச்சலைத் துடைக்கும் கணினிமுறை பெரும்பாலும் எஞ்சியிருக்கும் மேற்சுரங்களையும் சேர்த்தே துடைத்துவிடும். சற்று இரைச்சலோடு இருக்கும் பிரதியே மேல். ஓரிரு நிமிடங்களில் காது அதை ஒதுக்கிவிடப் பழகிக்கொள்ளும்.

அடுத்ததாகக் கேட்க வேண்டியது பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவின் முதல் பகுதி. பதெரெவ்ஸ்கி 1937-இல், தம் 76ஆம் வயதில், எச்.எம்.வி. நிறுவனத்துக்காக லண்டனில் இதைப் பதிவு செய்தார். விரல்களில் முதுமை தெரிவதால் அவரது திறமையை இந்தத் தட்டை வைத்து எடைபோடக் கூடாது. பழக்கங்களை மட்டும் கவனிக்கலாம். பிறகு, அதே நிறுவனத்துக்காக அதே நகரில் 1932-க்கும் 1935-க்கும் இடையில் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் பதிவு செய்த ஆர்தர் ஷ்னாபெலின் வாசிப்பில் அதே பகுதியைக் கேளுங்கள். ஷ்னாபெலும் லெஷெடிட்ஸ்கியின் மாணவர்தான். பதெரெவ்ஸ்கியைவிட 21 ஆண்டுகள் இளையவர். பதிவுமுறை ஒன்று, நிறுவனம் ஒன்று, படைப்பு ஒன்று, ஆசிரியரும் ஒருவரே. இருந்தும் ஷ்னாபெலின் கைகள் பெரும்பாலும் ஒன்றாகவே விழுகின்றன. எழுதியதை எழுதியபடி ஒலிக்கச் செய்வதிலேயே அவர் கருத்தாக இருக்கிறார். இந்த வேறுபாட்டில் கருவிக்குப் பங்கே இல்லை.